மூன்று டெசிபல்

சந்தனச்செல்விக்கு உட்கார்ந்து வேலை பார்க்க வராது. தூத்துக்குடி புறவழிச் சாலையிலிருந்து பிரிந்து, உப்பு லாரிகள் தூசி கிளப்பிப் போகும் ஒரு கிளைத்தெருவில் இருந்தது அவளுடைய கம்பெனி. வள்ளங்களுக்கும் சங்குகுளிப் படகுகளுக்கும் டிஜிட்டல் வயர்லெஸ் பெட்டி செய்து விற்கிற இடம். மொத்தமே பத்தொன்பது பேர். சோதனை மேசையில் அவளுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் எப்போதும் கேபிள் சுருள்கள்தான் கிடக்கும். நின்றபடியே ஒரு பெட்டியை மாட்டுவாள், அளவெடுப்பாள், ஜன்னல் வரை நடந்துவிட்டுத் திரும்புவாள், அடுத்த பெட்டியை எடுப்பாள்.

“ஏளா, நீ நடக்குத நடைக்கு திருச்செந்தூருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்” என்பாள் பேக்கிங் பிரிவில் இருந்த பேச்சித்தாய்.

ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றுப் பாசன வயல்காரர்கள் வீட்டுப் பெண் சந்தனச்செல்வி. அப்பா டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். அவள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்தாள். டிப்ளமோ முடிந்ததும் ஒரு செல்போன் ஒப்பந்தக்காரரிடம் வேலை. ஜீப்பின் பின்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, விளாத்திகுளத்துக் கரிசல் காடு முதல் ஆறுமுகநேரி உப்பளம் வரை, எந்த இடத்தில் சிக்னல் எவ்வளவு என்று அளந்துகொண்டே போக வேண்டும். ஏழு வருஷம் அப்படிச் சுற்றினாள். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் லிங்கராஜைக் கல்யாணம் செய்து, மாப்பிள்ளையூரணியில் வீடு பிடித்து, மகள் பிறந்த பிறகுதான் இந்தச் சோதனை மேசைக்கு வந்து சேர்ந்தாள். வந்தும் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

அவர்கள் செய்த பெட்டி எளிமையானது. செல்போன் செத்துப்போகிற தூரத்துக்கு அப்பாலும் அது கரையோடு பேசும். படகு எங்கே நிற்கிறது என்று சொல்லும், காற்று நிலவரம் வாங்கித் தரும், பிடித்த மீன் விவரத்தை ஏலக் கூடத்துக்கு அனுப்பும். ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் அவசரச் செய்தி போகும். முழு பலத்தில் அனுப்பினால் முப்பது கிலோமீட்டர் வரை எட்டும்.

சிக்கல் அந்த முழு பலத்தில்தான் வந்தது. போன ஐப்பசியில், துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் இழுவைப் படகுகள் ஓட்டும் ஒரு தனியார் நிறுவனத்திடமிருந்து புகார். அவர்களுடைய வயர்லெஸ் இந்தப் பெட்டிகளுக்கு அடுத்த சேனலில் ஓடியது. சாயங்காலம் மீன்பிடிப் படகுகள் மொத்தமாகக் கரை திரும்பும் நேரத்தில் அவர்களுடைய தொடர்பு அறுந்து அறுந்து போகிறது என்றார்கள்.

காரணம் செல்விக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பெட்டிக்குள் சிக்னலைப் பெருக்கி ஆன்டெனாவுக்குத் தள்ளுகிற ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் எல்லை உண்டு. சிக்னல் சீரான உயரத்தில் போனால் அது அலுங்காமல் பெருக்கும். இடையிடையே உயர்ந்து எழுந்தால், உச்சிகளில் ஆம்ப்ளிஃபயர் திணறி அவற்றை நசுக்கிவிடும். நசுங்கியது அடுத்த சேனலில் போய்ச் சிந்தும். சிந்தாமல் இருக்க ஒரே வழி, அனுப்பும் பலத்தைக் குறைப்பது. எந்தச் செய்திக்கு எவ்வளவு குறைப்பது என்பதுதான் கேள்வி. அதிகம் குறைத்தால் எட்டாது. குறைவாகக் குறைத்தால் சிந்தும்.

கணக்குப் போட்டவன் ஸ்ரீனிவாஸ். கம்பெனியின் டிசைன் எஞ்சினியர். ஆழ்வார்திருநகரிக்காரன், அவள் வயதுதான். நெற்றியில் மெல்லிய திருமண் கோடும், சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக வருவான். பெட்டி அனுப்புகிற முப்பத்தெட்டு வகைச் செய்திகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் சராசரி உயரத்தைவிட உச்சி எத்தனை மடங்கு என்று பார்த்து, அதற்குத் தக்கபடி பலக் குறைப்பு அட்டவணை ஒன்று போட்டான். பெட்டி ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும் முன் அட்டவணையைப் பார்த்துத் தன் பலத்தைத் தானே தணித்துக்கொள்ளும். அந்த அட்டவணையில் அவசரச் செய்திக்கு மூன்று டெசிபல் குறைப்பு. மூன்று டெசிபல் என்றால் பாதி பலம்.

அட்டவணையைச் சோதித்து ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டவள் சந்தனச்செல்வி. அவசரச் செய்தியைச் சோதித்தபோது அனலைசர் திரையில் அடுத்த சேனல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தேவைக்கு மேல் சுத்தம். குறிப்புப் பத்தியில் அதை எழுதினாள்: ‘அவசரச் செய்தி: குறைப்பு அதிகமாகத் தெரிகிறது.’ யாரும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரத்துக்குள், படகுகளிலிருந்து திரும்ப வாங்கிய இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளிலும் அட்டவணையை ஏற்றி முடிக்க வேண்டியிருந்தது. புகாரும் அத்தோடு அடங்கிவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி இருக்கும். திரேஸ்புரத்துச் சங்குகுளிப் படகுக்காரர் ஜெஃப்ரி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பெனிக்குள் வந்தார். வாட்ச்மேன் பின்னாலேயே ஓடி வந்தான். ஜெஃப்ரி நேராகச் சோதனை மேசைக்கு வந்து, மேலே கிடந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பெட்டியை வைத்தார்.

“இது வேலை செய்யுதான்னு பாத்துச் சொல்லுங்க.”

செல்வி பெட்டியை மாட்டினாள். எல்லா அளவும் சரியாக இருந்தது.

“நல்லாத்தான் இருக்குண்ணே. என்ன ஆச்சு?”

“நல்லாத்தான் இருக்கா?” ஜெஃப்ரியின் குரல் உயரவில்லை. “போன வியாழக்கிழமை சங்கு கெடக்குத கடல்பாறை, அந்தப் பாரு மேல நிக்கோம். கரையிலேருந்து இருபத்தாறு கிலோமீட்டர். என் மச்சினன் மச்சாது ஆழத்துலேருந்து வேகமா ஏறி வந்து கொஞ்ச நேரத்துல, இடுப்புக்குக் கீழே மரத்துப் போச்சுன்னு சொல்லுதான். சிவப்புப் பொத்தானை அமுக்குதேன். போகல. திரும்ப அமுக்குதேன். போகல. பதினேழு தடவை, மேடம். எங்களைத் தாண்டி அரை மணி நேரத்துத் தூரத்துல ஸ்பீடு போட் ஒண்ணு நின்னிருக்கு. கரைக்குச் செய்தி போயிருந்தா அவனைத் திருப்பி விட்டிருப்பாங்க. எங்க இஞ்சின்ல கரைக்கு வந்து சேர மூணு மணி நேரம் ஆச்சு.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“உசுரு இருக்கு. எடது காலு இல்ல. இருக்கு, ஆனா இல்ல.”

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

செல்வி கோப்பு அலமாரிக்குப் போய், ஐப்பசி மாதத் தாளை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்தும், குறிப்புப் பத்தியில் அந்த ஒற்றை வரியும் இருந்தன. தாளைத் திரும்ப வைத்துவிட்டு ஜன்னலுக்கு நடந்தாள். அங்கிருந்து மேசைக்கு. மேசையிலிருந்து அலமாரிக்கு. பேச்சித்தாய் சாப்பிடக் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றே வந்தாள். மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கும்போதே பாதியில் கையை நிறுத்திவிட்டு யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை லிங்கராஜ் டிரெய்லர் வேலைக்குக் கிளம்பும்போது, அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து தீய்ந்தது.

“என்னளா ஆச்சு உனக்கு? அஞ்சு நாளா ஒரு நெலையில இல்ல.”

“ஒண்ணு தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேங்க.”

முழுவதையும் சொன்னாள். லிங்கராஜ் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்.

“சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்களா?”

“தெரியல.”

“அப்ப இப்பமும் உனக்குச் சரியாத் தெரியாது. குறைப்பு கூடன்னு தோணிருக்கு, அவ்வளவுதான். எவ்வளவு கூட, ஏன் கூடன்னு தெரியுமா?”

தெரியாது. அது உண்மை. அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. பாத்திரத்தைத் தேய்க்காமலே அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வாட்ச்மேனிடம் சாவி வாங்க வேண்டியிருந்தது.

முதலில் ஒவ்வொரு செய்தியையும் முழு பலத்தில் வைத்து, அடுத்த சேனலில் சிந்தல் அளவுக்குள் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தாள். உண்மையில் எவ்வளவு குறைத்தால் போதும் என்று மேசையே சொல்லட்டும். மாலைக்குள் முப்பத்தெட்டுக்கும் அளவு கிடைத்துவிட்டது. அவசரச் செய்திக்குத் தேவைப்பட்டது வெறும் கால் டெசிபல். அட்டவணையில் இருந்ததோ மூன்று.

ஏன் என்று பார்க்க, அவசரச் செய்தியின் வடிவத்தைத் திரையில் விரித்தாள். கரையில் இருக்கும் பெட்டி செய்தியின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பதற்காக, முதலில் ஊசிபோல் ஒரே ஓர் உச்சி. அதன் பிறகு கடைசி வரை சீரான, தட்டையான ஓட்டம். உச்சியை மட்டும் பார்க்கிற கணக்குக்கு அந்த ஓர் ஊசி போதும், செய்தி முழுவதுமே முரடு என்று முடிவு கட்டிவிடும். ஆம்ப்ளிஃபயர் அந்த ஊசியில் ஒரு கணம் திணறுவது உண்மைதான். ஆனால் மொத்தச் சிந்தலில் அந்த ஒரு கணம் எம்மாத்திரம்?

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு நடந்தாள். புதன்கிழமை ஒரு பெட்டியைச் சோதிக்கும்போது, வழக்கம்போல் பலத்தை ஒரு டெசிபல் ஏற்றினாள். திரையில் சிக்னலின் இரு பக்கமும் தோள்போல் தெரியும் சிந்தல் மூன்று டெசிபல் ஏறியது. ஆறு வருஷமாகத் தினமும் அதைப் பார்த்திருக்கிறாள். ஒன்றுக்கு மூன்று. அன்றைக்குத்தான் கை நின்றது. ஒன்றுக்கு மூன்று ஏறுகிறது என்றால், சிந்துவது சிக்னலின் உயரத்தைப் பொறுத்தல்ல, உயரத்தின் கனத்தைப் பொறுத்து. உயரத்தை உயரத்தால் பெருக்கி, திரும்பவும் உயரத்தால் பெருக்க வேண்டும். அதுவும் உச்சியில் மட்டுமல்ல, செய்தியின் ஒவ்வொரு கணத்திலும். அதையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஒரு செய்தி எவ்வளவு சிந்தும் என்று அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

கணக்கைப் போட்டாள். முப்பத்தெட்டுச் செய்திகளுக்கும் கனச் சராசரி கண்டு, மேசையில் எடுத்த அளவோடு ஒரு தாளில் புள்ளி வைத்தாள். ஸ்ரீனிவாஸின் உச்சிக் கணக்கோடு வைத்துப் பார்த்தபோது இறைத்துவிட்ட கடுகுபோல் சிதறிக் கிடந்த புள்ளிகள், இப்போது ஒரே கோட்டில் நின்றன. கோட்டைவிட்டு மிகத் தள்ளிப் போன புள்ளிகூட டெசிபலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு ஸ்ரீனிவாஸ் அறைக்குப் போனாள். அவன் பார்த்தான். முதலில் அவனுக்குக் கோபம் வந்தது.

“செல்வி, உச்சிய வச்சுக் கணக்குப் போடுறதுதான் வழக்கம். நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல. பாதுகாப்பா இருக்கட்டும்னுதான் அப்படிச் செய்யறது.”

“யாருக்குப் பாதுகாப்பு சார்? இழுவைப் படகுக்காரங்களுக்குப் பாதுகாப்பு. பாரு மேல நிக்கிறவங்களுக்கு?”

“ஒரு படகுல நடந்ததை வச்சு அட்டவணைய மாத்த முடியாது.”

“ஒரு படகு இல்ல சார். இங்கன பாருங்க.” தாளில் ஒரு புள்ளியில் விரல் வைத்தாள். “மீன் விவரச் செய்தி. இதுல உச்சி பெருசா இல்ல. அதனால உங்க அட்டவணை ஒரு டெசிபல்தான் குறைக்குது. ஆனா செய்தி முழுக்க ஏத்த இறக்கமா இருக்கு. கனத்தைப் பாத்தா ரெண்டு டெசிபல் குறைக்கணும். இது இன்னும் சிந்திக்கிட்டுத்தான் இருக்கு.”

ஸ்ரீனிவாஸ் நிமிர்ந்தான். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தான். இழுவைப் படகு நிறுவனத்திடமிருந்து வந்த இரண்டாவது புகார். அவன் யாரிடமும் காட்டியிருக்கவில்லை. சனிக்கிழமை பிற்பகல்களில் மட்டும் தொடர்பு அறுகிறது என்று எழுதியிருந்தது.

“சனிக்கிழமைதான் எல்லாப் படகும் ஏலக் கூடத்துக்கு மீன் விவரம் அனுப்புறாங்க” என்றான் மெதுவாக. “ஒரு மாசமா காரணம் தெரியாம முழிச்சிண்டிருக்கேன்.”

தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, முதல் வரியிலிருந்து கணக்கைத் தானே போட ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் ஆனது. செல்வி அதுவரை அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். அவன் அவளை உட்காரச் சொல்லவில்லை, பழகியிருந்தான்.

“சரியா இருக்கு” என்றான் கடைசியில். “நான்தான் தப்புப் பண்ணியிருக்கேன்.”

“நானும்தான் சார். எனக்கு ஐப்பசியிலேயே கண்ணுல பட்டுச்சு. பத்தியில எழுதிட்டுப் பேசாம இருந்துட்டேன்.”

“நான் அந்தப் பத்தியைப் படிக்கவே இல்ல” என்றான் ஸ்ரீனிவாஸ்.

மேசையில் சரியாக வந்தது கடலிலும் சரியாக வர வேண்டும். அதற்கு ஒரு படகு வேண்டியிருந்தது. வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றான் ஸ்ரீனிவாஸ். செல்வி மறுநாள் காலை திரேஸ்புரத்துக்குப் போனாள்.

கரையில் வள்ளங்கள் ஏறிக் கிடந்தன. ஜெஃப்ரி வலைக்கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்து ஒரு மெலிந்த ஆள் சங்குகளை வளையத்தில் விட்டு அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். இடது கால் நீட்டியபடி கிடந்தது. அவன்தான் மச்சாது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செல்வி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். பெட்டி பாதி பலத்தில் அனுப்பியதை, அது தேவையே இல்லாததை, அது தன் கண்ணில் பட்டும் தாளில் எழுதிவிட்டுச் சும்மா இருந்ததை. எதையும் மறைக்கவில்லை.

ஜெஃப்ரி கயிற்றைக் கீழே போட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை மச்சாது கையமர்த்தினான்.

“எழுதி வச்சீங்களாக்கும்” என்றான். “அதை யாரு படிக்கணும்னு எழுதுனீங்க?”

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் அடுத்த சங்கை எடுத்து வளையத்தில் விட்டுப் பார்த்தான்.

“கோபம் இல்லேன்னு சொல்ல மாட்டேன் மேடம். இந்தக் காலு இருக்க மட்டும் கோபம் இருக்கும். படகுதானே வேணும்? மச்சான் கொண்டு போவாரு.”

“ஏலே, நான் சொல்லணும்லா அதை?” என்றார் ஜெஃப்ரி.

“நீரு சொல்லுவீரு. கொஞ்சம் நேரம் எடுப்பீரு, அம்புட்டுதான்.”

பங்குனி முதல் வாரம், விடிந்து ஒரு மணி நேரத்தில் கிளம்பினார்கள். படகில் ஜெஃப்ரியும் செல்வியும் மட்டும். அவள் மடியில் ஜெஃப்ரி விட்டுவிட்டுப் போன அதே பெட்டி, உள்ளே புது அட்டவணை. கரையில் ஸ்ரீனிவாஸ் செய்தி வாங்கக் காத்திருந்தான். இழுவைப் படகு நிறுவனத்தின் ஆள் ஒருவர் அடுத்த சேனலை அளந்துகொண்டிருந்தார். வயல்காரர் வீட்டுப் பெண், கடலில் அதுவரை இறங்கியதில்லை. ஐந்தாவது கிலோமீட்டரிலேயே வாந்தி தொடங்கிவிட்டது. உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்பதுதான் அவளுக்கு வாந்தியைவிடக் கஷ்டமாக இருந்தது.

“தூரமாப் பாருங்க, கிட்டப் பாக்காதீங்க” என்றார் ஜெஃப்ரி.

இருபதாவது கிலோமீட்டரில் பொத்தானை அழுத்தினாள். பதில் வந்தது. இருபத்தாறில், பாருக்கு மேலே, இஞ்சினை நிறுத்தினார் ஜெஃப்ரி. தண்ணீர் பச்சையாகத் தெளிந்து கிடந்தது. அவர் அந்த இடத்தை நன்றாகத் தெரிந்தவர்போல் சுற்றிப் பார்த்தார்.

“இங்கனதான்.”

“நீங்களே அமுக்குங்கண்ணே.”

ஜெஃப்ரி அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நொடி போனது. பெட்டியின் சின்னத் திரையில் எழுத்து வந்தது: ‘கிடைத்தது. அடுத்த சேனல் சுத்தம்.’

ஜெஃப்ரி மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது. இன்னொரு தடவை. பதினேழு தடவை அழுத்தினார். பதினேழு தடவையும் பதில் வந்தது. அவள் தடுக்கவில்லை. அதன் பிறகு இஞ்சினைக் கிளப்பி, முப்பதாவது கிலோமீட்டர் வரைக்கும் அவரே கொண்டுபோனார். அங்கேயும் எட்டியது. முப்பத்தொன்றில் நின்றுபோனது.

“அதுக்கு மேலே போகாது” என்றாள் செல்வி.

“அதைச் சொல்லிட்டா போதும். தெரிஞ்சா அதுக்குள்ள நின்னுக்கிடுவோம்” என்றார் அவர்.

புது அட்டவணையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஆனால் கடலுக்குப் போய்விட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்துதான் அதை ஏற்ற முடியும். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை கரை கரையாகப் போக ஓர் ஆள் வேண்டும் என்றபோது செல்விதான் முன்வந்தாள். போன இடத்திலெல்லாம் பெட்டிக்கு என்ன ஆகியிருந்தது என்பதை முதலில் வாயால் சொன்னாள், பிறகுதான் திருகாணியைக் கழற்றினாள். சில இடங்களில் திட்டு வாங்கினாள். ஓர் ஊரில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். தாயும் மகளும் சேர்ந்து ஓட்டும் ஒரு வள்ளத்தில், கைப்பிடி உடைந்த பெட்டியை மாற்றித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார்கள்.

ஆனி பிறந்தபோது இருநூற்றுப் பதினொரு பெட்டிகள் முடிந்திருந்தன. ஒன்று மட்டும் பாக்கி. அந்த வள்ளத்தை விற்றுவிட்டார்கள், வாங்கியவர் இராமநாதபுரம் பக்கம் எங்கேயோ இருக்கிறார் என்றார்கள். செல்வி எட்டுப் பேருக்குப் போன் போட்டாள். எட்டாவது ஆள் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். சரியாகத் தெரியாது, இருக்கலாம் என்றார்.

“ஒரு பெட்டிதானே. அவங்களே கூப்பிடட்டும்” என்றான் ஸ்ரீனிவாஸ்.

“அவங்களுக்குத் தெரியாதே சார். தெரியாதவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?”

மறுநாள் காலை லிங்கராஜ் அவளைப் புதிய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டான். மகளுக்கு மதியச் சாப்பாடு என்ன என்று சொல்லிக்கொண்டே, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. பையை அதில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டாள்.